ஹார்வெஸ்டர் கம்பெனிப் படச்சுருள்களை ஸ்கேன் செய்து தந்த லேப்

நான் இருப்பது இல்லினாய் மாநிலத்து மோலினில். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1926இலிருந்து 1985 வரை ஃபார்மால் டிராக்டர் செய்த ஆலை பக்கத்து ராக் ஐலண்டில்தான் இருந்தது. எங்கள் தெருப் பெரியவரின் குடும்பம் அந்தக் கம்பெனியின் டீலர்கள். குளிர்காலத்தில் விவசாயிகளை அழைத்து, சாப்பாடு போட்டு, புது மாடல்களைப் பற்றிய விளம்பரப் படங்களை ஓட்டுவார்களாம். அந்த 16 மி.மீ. சுருள்களை அவர் என்னிடம் கொடுத்தார். டிராக்டர் வேலையில் இருப்பவன் என்பதால் எனக்கு அவை பொக்கிஷம்.

நான் போன லேப் சின்னது, இருவர் நடத்துவது. டப்பாவைத் திறந்ததுமே புளித்த காடி வாடை. அசிடேட் ஃபிலிம் கெடும்போது அசிடிக் அமிலம் வெளிவரும், அதுதான் காரணம். லேப் நடத்தும் இருவரில் ஒருவரான அம்மா உடனே ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு நீலக் காகிதத் துண்டைப் போட்டு மூடி வைத்துவிட்டார். அமிலம் ஏற ஏறக் காகிதம் பச்சையாகி, பிறகு மஞ்சளாகும். மஞ்சள் தட்டியதை முதலில் ஸ்கேன் செய்தார்கள். இந்த வரிசைப்படுத்தலுக்காகவே அவர்களை நம்பலாம். புரொஜெக்டரில் மாட்டிப் பார்க்கவும் இல்லை. சுருங்கிய ஃபிலிமின் துளைகளைப் பல்சக்கரம் கிழித்துவிடும். இவர்களுடைய ஸ்கேனரில் பல்சக்கரமே கிடையாது, உருளைகள்தான்.

நிறத்தில்தான் எனக்குக் குறை. கோடாக்ரோம் என்ற, எளிதில் நிறம் மங்காத கலர் ஃபிலிமில் இருந்த ஒரு சுருளில் சிவப்பு நேற்று அடித்த பெயிண்ட் போல நிற்கிறது. மற்றவை ஈஸ்ட்மன் கலர் என்ற, நிறம் சீக்கிரம் மங்கும் ஃபிலிமில் எடுத்த பிரதிகள், எல்லாமே ரோஸ் நிறமாகிவிட்டன. லேப்காரர்கள் வானத்தை நீலமாக்கப் போய், சிவப்பு டிராக்டர் ஆரஞ்சாகிவிட்டது! ஆரஞ்சு என்றால் அது அல்லிஸ்-சால்மர்ஸ், போட்டிக் கம்பெனி. ஹார்வெஸ்டரின் 2150ஆம் எண் சிவப்பு பூசிய ஒரு தகட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். முகம் சுளிக்காமல் மறுபடி செய்து கொடுத்தார்கள், கூடுதல் காசும் வாங்கவில்லை. ஆனால் நிறம் திருத்தாத மூல ஸ்கேன் கோப்பை நாம் கேட்டால்தான் தருகிறார்கள். கட்டாயம் கேளுங்கள்.

இன்னொன்று. படம் முடிந்த பிறகு வரும் வால்பகுதியை வழக்கமாக வெட்டிவிடுவார்களாம். வெட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஒரு சுருளின் கடைசியில் டீலர் கடையின் பெயரும் ஊரும் எழுதிய அட்டை சில நொடிகள் வருகிறது. கம்பெனி எல்லா டீலருக்கும் அனுப்பிய பிரதியில் இது இருக்காது. இந்தக் கடை தானே ஒட்டிச் சேர்த்தது. அதைப் பார்த்துப் பெரியவர் வெகுநேரம் பேசவில்லை.

கட்டணம் அடிக்கணக்கில். 400 அடிச் சுருள் சுமார் 11 நிமிடம் ஓடும், மலிவில்லை. எனவே கொடுக்கும் முன், மேடிசனில் உள்ள விஸ்கான்சின் வரலாற்றுச் சங்கத்தில் விசாரியுங்கள். ஹார்வெஸ்டர் கம்பெனியின் ஆவணங்களும் படங்களும் அங்கேதான் இருக்கின்றன. உங்கள் படத்தின் நல்ல பிரதி அங்கே ஏற்கனவே இருந்தால், அந்தக் காசை வேறு சுருளுக்குச் செலவழிக்கலாம். ஸ்கேன் ஆன பிறகும் மூலச் சுருளைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த லேப் காற்றுப் புகும் பிளாஸ்டிக் டப்பாக்களில் போட்டு, கையெழுத்து லேபிள் ஒட்டிய பழைய தகர டப்பாக்களையும் தனியாகக் கட்டித் திருப்பித் தந்தது.