ஆக்ஸன்ஃப்ரீயா, இன்சைடா?

பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தம்பிமார் கேட்கும் கேள்வி: அமானுஷ்யக் கதை வீடியோ விளையாட்டு ஒன்றுதான் வாங்க முடியும், ஆக்ஸன்ஃப்ரீ, இன்சைடு இரண்டில் எதை வாங்குவது? இரண்டும் 2016இல் வந்தவை. வெளியானபோது இரண்டுமே ஏறக்குறைய 20 அமெரிக்க டாலர். அந்த விலையை வைத்து முடிவெடுக்க வழியில்லை.

கதை: ஆக்ஸன்ஃப்ரீயில் அலெக்ஸ் என்ற பெண் நண்பர்களோடு ஆளரவமற்ற தீவுக்குப் போகிறாள். கையில் சிறு வானொலி. அலைவரிசையைத் திருப்பத் திருப்ப, இரைச்சலுக்கு நடுவே யாருடையவோ குரல் கசிகிறது. பேச்சுக்குப் பேச்சு, தலைக்கு மேல் பதில்கள் மிதக்கும். தயங்கினால் மறைந்துவிடும், அந்த மௌனமும் பதிலாகிவிடும். நம் பேச்சைப் பொறுத்து முடிவும் மாறும்.
இன்சைடில் ஒரு சொல்கூடக் கிடையாது. சிவப்புச் சட்டைச் சிறுவன் ஓடுகிறான், அவ்வளவே.

ஆட்டம்: முன்னதில் புதிர் சொற்பம், நடையோ மாட்டுவண்டி வேகம், வந்த வழியே திரும்பும்போது எரிச்சல் வரும்.
பின்னதில் புதிர்கள் கச்சிதம்.

மொழி: முன்னதில் ஓயாத ஆங்கிலம்.
பின்னது பாட்டிக்கும் புரியும். நாய்கள் சிறுவனைக் குதறுவதை மட்டும் அவர் பார்க்காதிருப்பது நல்லது.

ஒலி: தகரக் கூரையில் மழை அறையும் மாலையில் ஆக்ஸன்ஃப்ரீயை ஹெட்போன் இல்லாமல் ஆடுவது வீண்.

நண்பர்கள் கூடி, "ஏன் அப்படிப் பதில் சொன்னாய்?" என்று சண்டை போட ஆக்ஸன்ஃப்ரீ. தனியாக, ஒரே இரவில் முடிக்க இன்சைடு. சின்னத் தங்கை பக்கத்தில் உட்காரும் வீட்டில் இன்சைடு வேண்டவே வேண்டாம்.