ஊருக்குப் போக மலிவாய் ஒரு வீடியோ கேமரா: சோனி சிஎக்ஸ்405

மியான்மரின் யாங்கோனிலிருந்து (பழைய ரங்கூன்) தமிழ்நாட்டுக்குச் சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் இப்போதெல்லாம் செல்போனே போதும் என்றுதான் கிளம்புகிறார்கள். ஒரு வாரம் என்றால் போதும்தான். மாதக்கணக்கில் தங்கி, காரைக்குடி, தஞ்சாவூர், ராமேசுவரம் என்று சுற்றி, பெரியவர்களை உட்காரவைத்துப் பழங்கதை கேட்டுப் பதிவு செய்வதென்றால் போன் திணறிவிடும்: சூடாகும், இடம் நிறையும், நல்ல கட்டத்தில் யாராவது கூப்பிடுவார்கள். அதனால் சோனி ஹேண்டிகேம் சிஎக்ஸ்405 ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். 2015-இல் வந்த மாடல். 4கே கிடையாது, முழு எச்டி மட்டும்தான். இந்தக் காலத்தில் போய் இதையா என்று சிரித்தவர்கள் உண்டு.

சிரிக்கட்டும். இதில் 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் இருக்கிறது, போன் ஜூம் போலப் படத்தை இழுத்துப் பெரிதாக்குகிற வேலை இல்லை. வாங்கிய கையோடு அனவ்ரதா ரோட்டுக் காளியம்மன் கோயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கோபுரத்துச் சுதைச் சிலைகளின் கண்ணில் தீட்டிய மை வரை தெரிந்தது. முழு ஜூமில் கை ஆட்டம் கொஞ்சம் தெரியும், சுவரிலோ தூணிலோ சாய்ந்துகொண்டால் சரியாகிவிடும். தமிழ்நாட்டில் இதுதான் பெரிய உபகாரமாக இருந்தது. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் கோயில்களில் செல்போனுக்குத் தடை போட்டதிலிருந்து பெரிய கோயில்களில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், கேமராவை மட்டும் உள்ளே விட்டுவிடுவார்களா என்ன. தெருவில் நின்று கோபுரத்தை எடுப்பதுதான் வழி.

மற்றதையும் பார்க்காமல் இல்லை. டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 என்ற கையடக்கக் கேமரா அருமையான சாமான், படத்தைப் பிடிக்கும் சில்லான சென்சார் ஒரு அங்குலம், நடந்துகொண்டே எடுத்தாலும் தண்ணீர் மாதிரி ஓடும். ஆனால் 2023-இல் வந்தபோதே 519 டாலர், ஆப்டிகல் ஜூம் இல்லை, பேட்டரியைக் கழற்றி மாற்றவும் முடியாது. கோப்ரோ என்ற சாகசக் கேமரா 10 மீட்டர் ஆழத் தண்ணீரிலும் நிற்கும், சரி, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் ஆயாவை எடுக்க அது எதற்கு?

பேட்டரி விஷயத்தை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று பார்த்தே வாழ்கிறோம். இந்தக் கேமராவின் கைப்பட்டைக்குள்ளேயே ஒரு சின்ன யூஎஸ்பி ஒயர் மடித்து வைத்திருக்கிறார்கள், அதை இழுத்துப் பவர் பேங்கில் செருகினால் சார்ஜ் ஏறும். பேருந்தில் போகும்போது பைக்குள் அப்படியே போட்டுவைப்பேன். பேட்டரி என்பி-பிஎக்ஸ்1 வகை, சோனியின் வேறு பல சின்னக் கேமராக்களுக்கும் அதேதான் என்பதால் உபரி கிடைப்பது சுலபம். நல்ல தரத்தில் எடுத்தால் 64 ஜிபி கார்டில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும், கார்டும் இரண்டு மூன்று வேண்டும்.

குறை என்றால் முதலில் வெளிச்சம். சென்சார் குண்டுமணி அளவு. ராத்திரி டியூப்லைட்டில் முகமெல்லாம் மணல் தூவியது போலத்தான் வரும். அப்புறம், வெளி மைக் செருக ஓட்டை கிடையாது, இது எனக்கு ரொம்பவே எரிச்சல். செட்டிநாட்டு வீட்டுக் கூடத்தில் பெரியப்பா ரங்கூனில் தங்கள் கடை இருந்த தெருவைப் பற்றிப் பேசுகிறார், பின்னால் சீலிங் ஃபேன் கடகடவென்று அதையும் சேர்த்துப் பேசுகிறது. வேர்த்தாலும் பரவாயில்லை என்று ஃபேனை நிறுத்திவிட்டு, கேமராவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துத்தான் எடுத்தேன். அப்படி எடுத்தது தெளிவாக இருக்கிறது. திரையும் தொடுதிரை இல்லை, ஓரத்தில் ஒரு குமிழ், அதைத் தள்ளித் தள்ளித்தான் மெனுவில் போக வேண்டும்.

வாங்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வரும் பழைய கேமரா மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயாதீர்கள். ஜப்பானுக்கென்று செய்த சோனி மாடல்கள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும். அதைவிட முக்கியம், அவை என்டிஎஸ்சி (NTSC) என்ற வீடியோ முறை, அதாவது நொடிக்கு 60 படம் என்ற கணக்கு. இங்கேயும் இந்தியாவிலும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில விளக்குகளுக்குக் கீழே படம் படபடவென்று துடிக்கும். இந்த மாடலில் அதை மாற்றும் வசதி இல்லை, நொடிக்கு 50 கணக்கில் ஓடும் முறையான பால் (PAL) என்று போட்டதையே கேட்டு வாங்குங்கள். கடையில் இருந்த பாய் எந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாலும் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார். ஒன்றில்லை.

விலையை நம் கியாட் பணத்தில் எழுதினால் அடுத்த வாரமே பொய்யாகிவிடும், ஆகவே எழுதவில்லை. நான் வாங்கியபோது ஆஸ்மோவில் பாதிகூட ஆகவில்லை. இரவுத் திருவிழா, தீமிதி என்று எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் இதை விட்டுவிடுங்கள், கடன்பட்டாவது ஒரு அங்குல சென்சாருக்குப் போங்கள். பகலில் ஊர், வீடு, சொந்தக்காரர்கள் என்றால் இதுவே தாராளம். மிச்சமாகும் காசில் உபரி பேட்டரி இரண்டும் தனிச் சார்ஜர் ஒன்றும் வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பேட்டரியையும் கேமராவுக்குள் போட்டே சார்ஜ் ஏற்ற வேண்டியிருக்கும், அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் பொங்கல் பானை பொங்கும்.