கிளாக் 19: பத்து மாதமும் ஒரு கட்டைவிரலும்

ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். பத்து மாதத்துக்கு முன் கிளாக் 19 கைத்துப்பாக்கி, ஐந்தாம் தலைமுறை மாடல் வாங்கினேன். இதுவரை 1,200 தோட்டா சுட்டிருப்பேன். என்னைப் போல் சின்னக் கை உள்ள பெண்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் மாதம் ஒரே குழப்பம். கடைசித் தோட்டா வெடித்ததும் ஸ்லைடு, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம், பின்னால் போய் அப்படியே நிற்க வேண்டும். எனக்கு ஒருமுறைகூட நிற்கவில்லை. ட்ரிகரை இழுத்து வெறும் 'டிக்' கேட்ட பிறகுதான் தோட்டா தீர்ந்ததே தெரியும். கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்றே இருந்தேன். சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் பக்கத்தில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கவனித்துவிட்டு, என் வலது கட்டைவிரலைக் காட்டினார். அது ஸ்லைடைப் பின்னால் நிறுத்திப் பிடிக்கும் ஸ்லைடு ஸ்டாப் மேலேயே படுத்திருந்தது. விரல் அழுத்தினால் அந்தச் சின்ன லீவர் எப்படி எழும்பும்? துப்பாக்கியில் ஒரு குறையும் இல்லை.

அதற்கு முன் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். டம்ளருக்கு அடியில் டவரா பிடிப்பது போல, பிடிக்குள் தோட்டா நிரப்பிச் செருகும் மேகஸினுக்குக் கீழே இடது உள்ளங்கையை வைக்கச் சொன்னார்கள். இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது. அப்படிப் பிடித்தால் இடது கை எடையைத் தாங்குமே தவிர, துப்பாக்கி மேலே எகிறுவதைத் தடுக்காது. 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் 21 வயதான பெரும்பாலோர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அதனால் கற்றுக்கொடுப்பவர்கள் இன்னும் பொறுப்போடு இருக்க வேண்டாமா?

இப்போது நான் பிடிக்கும் விதம் இது. வலது கை எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே. பிடியின் இடது பக்கத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். இடது உள்ளங்கையின் அடிச்சதை அங்கே இறுக்கமாக உட்கார வேண்டும். இடது கை விரல்கள், ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டுக்கு அடியில், வலது கை விரல்களைச் சுற்றிப் பிடிக்கும். இடது மணிக்கட்டைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்தால் கட்டைவிரல் தானாகவே இலக்கைப் பார்த்து நீளும். அதை ஸ்லைடில் அழுத்தாதீர்கள், ஸ்லைடு வேகம் குறைந்து தோட்டா சிக்கலாம். வலது கட்டைவிரல் இடது கட்டைவிரலின் அடிமேட்டில் ஓய்வாக இருக்கட்டும். இடது கட்டைவிரலை மட்டும் ஸ்லைடுக்குப் பின்னால் கொண்டுபோகவே கூடாது. பின்னால் வரும் ஸ்லைடு தோலைக் கிழித்துவிடும்.

ரிவால்வர், அதாவது தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரில் இருக்கும் துப்பாக்கி, வைத்திருப்பவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். சிலிண்டருக்கு முன்னுள்ள இடைவெளியில் சூடான வாயு பீறிடும். நீட்டிய கட்டைவிரல் அங்கே போனால் காயம்தான்.

நான்காம் தலைமுறை கிளாக்கில் பிடியின் முன்புறம் இருந்த விரல் பள்ளங்கள் என் ஐந்தாம் தலைமுறையில் இல்லை. என் விரல்கள் அந்தப் பள்ளங்களில் பொருந்தியதே இல்லை, எனக்கு இதுவே பெரிய நிம்மதி. பெட்டியில் வரும் பேக்ஸ்ட்ராப், அதாவது பிடியின் பின்புறம் மாட்டும் துண்டு, எதையும் மாட்டாமல் முதலில் பிடித்துப் பாருங்கள். பிடி மிகச் சிறியதாக இருப்பது அப்போதுதான்.