நவீன நடைப்பயிற்சி பேக்கேஜ்: செயற்கைக் கால் போட்டவர்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

செயற்கைக் கால் போட்டவர்களுக்கு "நவீன தொழில்நுட்பத்தில் நடைப்பயிற்சி" என்று சொல்லி மொத்தமாகப் பணம் வாங்கும் மையங்கள் இருக்கின்றன. ட்ரெட்மில், உடலை மேலிருந்து தாங்கும் ஹார்னஸ், காலில் விழும் எடையை அளக்க ஷூவுக்குள் வைக்கும் சென்சார், எதிரே பெரிய திரை. கருவிகள் மேல் குற்றமில்லை. தெரிந்தவர் கையில் நல்ல பலன் தருபவைதான். கருவியைக் காட்டிப் பணம் வாங்கிவிட்டு, அதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விடுகிறார்கள். எச்சரிக்கை அதைப் பற்றித்தான்.

முழங்காலுக்கு மேல் கால் எடுக்கப்பட்ட ஒருவருக்கு நடந்தது இது. எடை 70 கிலோ. 20 நாள் பயிற்சிக்கான முழுத்தொகையையும் முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். முடிவில் கொடுத்த ரிப்போர்ட்டில் செயற்கைக் காலில் 49 சதவீதம், நல்ல காலில் 51 சதவீதம் எடை என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தது. தரையில் இறங்கி நடந்தாலோ ஒவ்வோர் அடிக்கும் உடம்பு செயற்கைக் கால் பக்கம் சாய்கிறது. ஊன்றுகோலை விட முடியவில்லை. உள்தொடையில் சாக்கெட் (எஞ்சிய கால் நுழையும் கிண்ணம்) விளிம்பு உரசிப் புண். கேட்டதற்கு, இன்னும் 10 நாள் பணம் கட்டிச் சேருங்கள் என்று பதில்.

அந்த ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், நின்றபடி எடுத்த அளவு கிலோவிலும் இருந்தது: செயற்கைக் காலில் 24, நல்ல காலில் 25. கூட்டினால் 49. மீதி 21 கிலோ ஹார்னஸில் தொங்கிக்கொண்டிருந்தது! எடையில் 30 சதவீதத்தை முதல் நாள் தூக்கிய ஹார்னஸ், கடைசி நாளும் அதே 30 சதவீதத்தைத் தூக்கியது. ஒற்றைக் காலில் எடை விழும்போது உடம்பு சாயாமல் பிடிப்பது இடுப்பின் பக்கவாட்டுத் தசை. பாரத்தை ஹார்னஸ் சுமந்தால் அந்தத் தசைக்கு என்ன வேலை? படிப்படியாகத் தாங்கலைக் குறைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, கைப்பிடியிலிருந்து கையை எடுக்க வைத்து, பிறகு தரையில் நடக்க வைப்பதுதான் பயிற்சி. கைப்பிடியும் கிலோ கணக்கில் பாரத்தைத் தின்னும் என்பதை மறக்க வேண்டாம்.

சென்சாரை நீங்களே சோதிக்கலாம். காலைத் தூக்கினால் அந்தப் பக்கம் திரையில் 0 காட்ட வேண்டும். ஹார்னஸ் இல்லாமல், எதையும் பிடிக்காமல் நின்றால் இரு பக்கக் கூட்டுத்தொகை உங்கள் எடைக்கு அருகில் வர வேண்டும். வராவிட்டால் பூஜ்யம் வைத்ததிலோ அளவு சரிசெய்ததிலோ தவறு இருக்கலாம், அன்றைய எண்களை நம்பாதீர்கள். சென்சார் தகட்டை ஒரு ஷூவில் மட்டும் வைத்தால் கால் உயரமே மாறும், இரண்டிலும் வைக்கச் சொல்லுங்கள்.

மைக்ரோபிராசசர் முழங்கால் (கணினிச் சில்லு கட்டுப்படுத்தும் செயற்கை முழங்கால்) போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல். பல மாடல்களில் முன்பாதத்தில் போதிய எடை விழுந்த பிறகுதான் முழங்கால் மடங்க விடும். ஹார்னஸ் அதிகம் தூக்கினால் அந்த அளவு எட்டாது, முழங்கால் விறைப்பாகவே நிற்கும். மடங்காத காலைப் பக்கவாட்டில் வீசி நடக்கும் பழக்கம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பழக்கத்தை விடுவிப்பது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

இதையெல்லாம்விட மோசமானது, மேலே சொன்னவருக்கு 20 நாளில் ஒருமுறைகூட சாக்கெட்டைக் கழற்றி ஸ்டம்பை (எஞ்சிய காலை) பார்க்காதது. ஸ்டம்ப் சுருங்கியிருந்தது. சுருங்கினால் சாக்கெட்டுக்குள் இறங்கும், விளிம்பு உள்தொடையில் ஏறி அழுத்தும், செயற்கைக் கால் பக்கம் குட்டையாகும். குட்டையான பக்கம் உடம்பு சாயத்தான் செய்யும், எந்தத் திரையைப் பார்த்து நடந்தாலும்! நேராக நிற்கவைத்து இரண்டு இடுப்பு எலும்பின் மேல்விளிம்பிலும் கை வைத்துப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஸ்டம்பில் மாட்டும் மெத்தென்ற லைனர் மேல் ஒரு துணி உறை கூடுதலாகப் போட்டுப் பார்ப்பது அடுத்த வேலை. உறை மேல் உறையாகச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தால் சாக்கெட்டையே மாற்ற வேண்டும், அதற்குச் செயற்கைக் கால் நிபுணர் வேண்டும். ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் கழற்றிப் பாருங்கள். சிவப்பு 10 நிமிடத்தில் மங்காமல் நின்றால், அல்லது தோல் உரிந்திருந்தால், அடுத்த பயிற்சியை நிறுத்திவிட்டு நிபுணரிடம் காட்டுங்கள்.

மோட்டார் வைத்துக் காலைத் தானே நகர்த்தும் ரோபோ இயந்திரங்கள் பெரும்பாலும் பக்கவாதம், தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்காக வந்தவை. உங்களுக்கு எதற்கு என்று காரணம் கேளுங்கள்.

சேரும் முன்பே தரையில், ஹார்னஸ் இல்லாமல் அளக்கச் சொல்லுங்கள்: 10 மீட்டர் நடக்க எத்தனை விநாடி, 2 நிமிடத்தில் எவ்வளவு தூரம், நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி. இடையிலும் முடிவிலும் அதே அளவுகள், அதே ஊன்றுகோல், அதே ஷூ. ஷூவின் குதிகால் உயரம் மாறினால் காலின் அமைப்பே மாறி முழங்கால் நிலைகுலையலாம், ஒப்பிடவும் முடியாது. அளக்க மறுக்கும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் ஒவ்வொரு நாளின் ஹார்னஸ் சதவீதம், ட்ரெட்மில் வேகம், கைப்பிடி பிடித்ததா இல்லையா என்ற விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கால்களில் விழுந்த எடையைச் சதவீதத்தில் மட்டும் கொடுத்தால் ஏற்காதீர்கள், கிலோவில் கேளுங்கள்.