கூலன்ட் சென்சார் கோளாறும் மலிவு ஸ்கேனரும்: சில வருட அனுபவம்

காரின் கோளாறு எண்ணான கோடைப் படிக்க மட்டும் என்றால், காரில் குத்தி போனில் பார்க்கும் ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் வேண்டாம். லைவ் டேட்டா, அதாவது சென்சார்களின் அப்போதைய அளவுகளை, பார்க்கும் பொறுமை இருந்தால் வாங்குங்கள். நான் வைத்திருப்பது ஈஎல்எம் 327 என்ற சிப்பின் மலிவு நகல்தான். போட்ட காசை அது எடுத்துக் கொடுத்தது, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் சூட்டை அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் விஷயத்தில்.

பழைய பெட்ரோல் கார். செக் லைட் வரும், போகும். சூடான எஞ்சினை நிறுத்தி உடனே ஸ்டார்ட் செய்தால் இழுக்கும். சைலன்சரில் பெட்ரோல் வாடை. ஏசி போடாமலே ரேடியேட்டர் ஃபேன் ஓடும். ஒர்க்‌ஷாப்பில் பி0118 என்று காட்டியதுமே, "சென்சார் போச்சு சார், மாத்திடலாம்" என்று மாற்றினார்கள். அதே வாரம் லைட் திரும்ப எரிந்தது.

அந்தக் கோட் சென்சார் போய்விட்டது என்று சொல்லவே இல்லை. சிக்னல் வோல்டேஜ் ஏறிக் கிடக்கிறது என்கிறது, அவ்வளவுதான். எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியு, சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்கிறது. சூடு ஏற ஏற சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் குறைந்து வோல்டேஜும் இறங்கும். வழியில் ஒயர் அறுந்தால் 5 வோல்ட் அப்படியே நிற்கும். அதை மைனஸ் 40 டிகிரி என்று நம்பி ஈசியு பெட்ரோலை அள்ளி ஊற்றும். எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனையும் ஓடவிடும். ஷார்ட் ஆனால் பி0117, அளவு 130 டிகிரியைத் தாண்டும்.

கழற்றிய பழைய சென்சாரை மல்டிமீட்டரில் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் 1.7 கிலோ ஓம், கொதிநீரில் 200 ஓமுக்குப் பக்கம். நல்ல சென்சார்! பிறகு போனில் ரீடிங்கைப் பார்த்துக்கொண்டே சென்சாரில் மாட்டும் ஒயர் கப்ளரை அசைத்தேன். 88 டிகிரி. ஒயரைக் கொஞ்சம் மடக்கியதும் மைனஸ் 40. விட்டதும் 88. கப்ளரைப் பிரித்தால் ஒரு பின்னில் களிம்பு பச்சையாகப் பூத்திருந்தது. ஒயரின் மேலுறை முழுசாக இருக்க, உள்ளே இரண்டு மூன்று இழைதான் மிச்சம். புது கப்ளர், சாலிடர், ஹீட் ஸ்லீவ். அதோடு சரி, இன்றுவரை அந்தக் கோட் வரவில்லை.

ஒயரை அசைத்தும் பிடிபடவில்லை என்றால், கப்ளரைக் கழற்றி ஒயர் பக்கத்து இரண்டு பின்னையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். ரீடிங் உச்சத்துக்கு ஏறினால் ஒயரும் ஈசியுவும் சரி, சென்சார்தான் கோளாறு. ஏறாவிட்டால் சிக்னல் பின்னை மட்டும் பேட்டரி நெகட்டிவில் தொடுங்கள். அப்போது ஏறினால் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. சில வண்டிகளில் கோட் விழுந்ததும் ஈசியு தானாக ஓர் அளவை இட்டு நிரப்பிக்கொள்ளும்; கோடை அழித்துவிட்டே சோதிக்க வேண்டும். இன்னொன்று: இரவு முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியை ஆன் செய்து பாருங்கள். சென்சார் சரியென்றால் கூலன்ட் சூடும் எஞ்சினுக்குள் போகும் இன்டேக் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். எனக்கு இப்போது அது வாடிக்கை.

ஸ்கேனரின் குறைகள்: ரீடிங் மெதுவாகத்தான் மாறும், கண நேரத் துண்டிப்பு தப்பிவிடும். இந்த வகை பெரும்பாலும் ஐபோனோடு சேராது. குத்தியபடியே விட்டால் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். வண்டியை எடுக்காமல் ஊருக்குப் போகிறவர்கள் பிடுங்கி வைத்துவிட்டுப் போங்கள்.