கீற்றுப் பந்தலா, பச்சை வலையா, வெட்டிவேர்த் தட்டியா?

எங்கள் வீடு திருச்சியில், மேற்குப் பார்த்த வாசல். பங்குனி பிறந்துவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கூடத்தில் உட்கார முடியாது. ஆளுக்கொரு அறையில் ஃபேனுக்கு அடியில் ஒடுங்கிவிடுவோம். லீவுக்குத் தங்கை பிள்ளைகளும் வந்துவிட்டால் ஒடுங்கவும் இடமிருக்காது. கோடைக்கு வீட்டை அழகுபடுத்துகிறோம் என்று ஒவ்வொரு வருடமும் எதையாவது வாங்கினோம். கடைசியில் எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நின்றது: வாசல் பக்கத்து வெயிலை எதைக் கட்டி மறைப்பது? கீற்று, பச்சை வலை, வெட்டிவேர்த் தட்டி மூன்றையும் கட்டிப் பார்த்தாகிவிட்டது.

மேற்கு ஏன் இவ்வளவு படுத்துகிறது என்றால், திருச்சியில் சித்திரை முதல் வாரத்திலேயே உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடும். பிறகு சற்று வடக்கே நகரும். மே மாத அக்னி நட்சத்திர நாட்களில் தெற்குச் சுவரில் நண்பகல் வெயில் படாது. அடி வாங்குவது மொட்டை மாடியும் மேற்குச் சுவரும்தான். மாலை வெயில் தாழச் சாய்ந்து வருவதால் ஜன்னலுக்கு மேலே நீட்டிய சன்ஷேடு எதற்கும் உதவாது.

உள்ளே தொங்கவிடும் திரைச்சீலையை இந்தப் போட்டியிலேயே நான் சேர்க்கவில்லை. கண் கூசுவது குறையும், வெக்கை குறையாது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் துணியைச் சூடாக்கும், அந்தச் சூடு அறைக்குள்ளேயே கிடக்கும். பூப்போட்ட கனமான திரைக்குக் கொடுத்த காசு அழகுக்குச் சரி, அவ்வளவுதான். எதைக் கட்டினாலும் ஜன்னலுக்கு வெளியே கட்ட வேண்டும்.

முதலில் வாங்கியது வெட்டிவேர்த் தட்டி. தண்ணீர் தெளித்த முதல் நாள் வீடு முழுக்க எழுந்த வாசனைக்கு ஈடே கிடையாது. அம்மா வாசலை விட்டு நகரவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். நனைந்த வேருக்குள் புகுந்து வரும் காற்று குளிர்வது அதனால்தான். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள்: காற்று வறண்டிருக்க வேண்டும், அது தட்டி வழியாக உள்ளே வந்து எதிர்ப்பக்கம் வெளியேறவும் வேண்டும். திருச்சி, வேலூர், மதுரை போன்ற ஊர்களுக்கு இது பொருந்தும். சென்னையில் கடற்காற்று ஏறிய பிறகு தட்டியை நனைத்தால் உடம்பு இன்னும் கசகசக்கும். சென்னையில் இருக்கும் தங்கை ஆசைப்பட்டு ஒன்று வாங்கி, ஒரே வாரத்தில் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள்.

இன்னொன்று, யார் தண்ணீர் தெளிப்பது? ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழ வேண்டும். முதல் வாரம் பிள்ளைகள் போட்டி போடுவார்கள், அடுத்த வாரம் வீட்டுப் பெண்கள் தலையில் விழும். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. ஒரே கோடையில் வேரெல்லாம் வெள்ளை பூத்து விறைத்துப்போனது. கீழே வழியும் தண்ணீருக்குத் தட்டு வைத்தால் தினமும் கொட்டிவிட வேண்டும், இல்லையென்றால் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியதுபோல ஆகிவிடும்.

அடுத்த வருடம் பச்சை வலை. 50, 75, 90 சதவீதம் என்று நிழலின் அளவைச் சொல்லி விற்பார்கள். ஆட்கள் உட்காரும் இடத்துக்கு 75 போதும் என்பது என் அனுபவம். 90 கட்டினால் காற்றும் குறைகிறது. கட்டுவது சுலபம், மடித்து வைக்கலாம், அடுத்த வருடமும் ஆகும். மூன்றில் சிக்கனம் இதுதான். குறை என்னவென்றால், அதன் கீழே எல்லார் முகமும் பச்சையாகத் தெரியும். பேத்தி காதுகுத்துப் படங்களை இன்றும் பார்த்துச் சிரிக்கிறோம். வலை தளர்ந்துவிட்டால் காற்றில் படபடவென்று அடித்து மதியத் தூக்கத்தைக் கெடுக்கும். மலிவான வலை வெயிலில் இற்று இழை இழையாக உதிரும். அதை எப்படித் தொங்கவிட்டாலும் கட்டட வேலை நடக்கும் இடம் மாதிரியே தெரிகிறது. அலங்காரம் என்று வந்தால் வலைக்கு மார்க் கிடையாது.

மூன்றாவது கீற்றுப் பந்தல். நாலு சவுக்குக் கம்பு, மேலே மூங்கில், முடைந்த தென்னங்கீற்று. ஆள் வைத்துக் கட்ட அரை நாள். கீற்று சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, இடுக்கு வழியாகக் காற்று போய்வரும். முன்பக்கம் இடுப்புயரம் விட்டு ஒரு கீற்றைச் சாய்த்துத் தொங்கவிட்டால் தாழ்ந்த மாலை வெயிலும் நின்றுவிடும். வலையும் தட்டியும் வெயிலை மறைத்தன. பந்தல் எங்களுக்கு ஓர் இடத்தையே கொடுத்தது. தரையில் சாணம் தெளித்துக் கோலம், கம்பில் மாவிலை, மூலையில் மணல் பரப்பி அதன்மேல் மண்பானை. வேறு அலங்காரம் தேவைப்படவில்லை. நாலு மணிக்குப் பானகமோ நீர்மோரோ வெளியே வந்தால் அறைக்குள் இருந்தவர்களும் தானாக வந்து சேர்ந்தார்கள். பரணில் கிடந்த பல்லாங்குழி இறங்கியது. பதினாலு குழியும் அத்தைக்கு மனப்பாடம். கல்லூரிக்குப் போகும் பெண்ணைத் தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்கடித்தார்.

கீற்றுக்குப் பெரிய பயம் தீ. கும்பகோணத்தில் 2004இல் கீற்றுக் கூரை போட்ட பள்ளியில் தீப்பிடித்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. சமையலறை ஜன்னலை ஒட்டிப் பந்தல் போடக்கூடாது, விளக்கு, பட்டாசு, அடுப்பு எதுவும் அதன் கீழே வரக்கூடாது, மின்வயரைக் கீற்றின் மேல் இழுக்கவும் கூடாது. அந்த இடைவெளி விட வாசலில் இடம் இல்லையென்றால் வலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அபார்ட்மெண்ட் பால்கனிக்கு இவை எதுவும் தோதுப்படாது. அங்கே சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டிதான் நல்லது. பால்கனிக் கம்பிக்கு வெளியே விழும்படி மாட்டுங்கள், கீழ் நுனியையும் கட்டிவிடுங்கள்.

உட்கார எது என்பதிலும் வீட்டில் ஒரு சண்டை உண்டு. கோரைப்பாய் வியர்வையை இழுத்துக்கொள்ளும், பிளாஸ்டிக் பாய் முதுகில் ஒட்டும். ஆனால் கோடை மழையில் நனைந்த கோரைப்பாய் காயாமல் சுருட்டப்பட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் பந்தலுக்குக் கோரை, மொட்டை மாடிக்கு பிளாஸ்டிக். மாடியில் பகல் முழுக்கச் சூடு ஏறிய கான்கிரீட் இரவு வெகுநேரம் வரை அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஆறு மணிக்கு நாலு வாளி தண்ணீர் ஊற்றி, எட்டரைக்குத்தான் சாதத்தைத் தூக்கிக்கொண்டு ஏறுவோம்.

ஏசி போட்டால் இத்தனை பாடு ஏன் என்று மாப்பிள்ளை கேட்பார். நியாயம்தான்; ஒரே ஏசி அறையில் எட்டுப் பேர் நெருக்கிப் படுப்பதும் ஒரு சந்தோஷம். இரவுக்கு நாங்களும் போடுகிறோம். பகலிலும் ஓடவிட்டால் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டி, ரேட்டே மாறிவிடுகிறது. தவிர, அந்த அறைக்குள் ஆளுக்கொரு செல்போன்தான் பேசும்.

இந்த வருடமும் வாசலில் கீற்று, மாடித் தொட்டிச் செடிகளுக்குப் பச்சை வலை, கூடத்து ஜன்னலில் மட்டும் சின்னதாக ஒரு வெட்டிவேர்த் தட்டி. அதற்குக் குடிதண்ணீரில் மிச்சம் விழுவதைத்தான் தெளிக்கிறோம். பந்தலை ஆனி முடிவதற்குள் பிரித்துவிடுவோம். ஒரு வருடம் சோம்பேறித்தனமாக விட்டதில், ஆடிக் காற்று பாதிக் கீற்றை எதிர்வீட்டு மாடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டது.