சுங்கை சிப்புட்டில் ஒரு வசனப் பலகைக் கடை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தின் பழைய கடைவரிசை ஒன்றில், படங்களுக்குச் சட்டமிட்டுத் தரும் சிறிய கடை ஒன்று பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. திருமணப் படம், பட்டமளிப்புப் படம், காலமானவர்களின் உருவப்படம் ஆகியவற்றுக்குச் சட்டமிடுவதே அதன் முதன்மைத் தொழில் என்றாலும், சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தாமான்கள் என்னும் குடியிருப்புகளிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அது, வேத வசனத்தை அச்சிட்டுச் சட்டமிட்டுத் தரும் வசனப் பலகைக் கடையாகவே அறிமுகம். புதுமனை புகுதல், ஞானஸ்நானம், திருமணம், துக்கவீடு என எதற்குச் சென்றாலும் ஒரு வசனப் பலகையோடு செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆகவே இக்கடையை மதிப்பிடும்போது மரத்தையும் கண்ணாடியையும் மட்டும் பார்த்தால் போதாது. பலகையில் எந்த வசனம் ஏறுகிறது, அதில் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

கைவேலையில் குறை சொல்ல அதிகமில்லை. மூலைகள் இடைவெளியின்றிப் பொருந்துகின்றன; எழுத்து தெளிவாக இருக்கிறது. பின்புறம் அடிக்கும் மெல்லிய பலகைதான் நம்மூர் ஈரப்பதத்தில் நெளிகிறது, கரையானுக்கும் இரையாகிறது. சற்றுக் கூடுதல் விலை கொடுத்துப் பிளாஸ்டிக் தகடு போடச் சொல்வது நல்லது. சிறிய பலகை 30 ரிங்கிட்டிலிருந்து தொடங்குகிறது. 1995இல் வெளிவந்த வேதாகமப் பொது மொழிபெயர்ப்பின் வாசகத்தைக் கத்தோலிக்கர்களுக்கும், பழைய மொழிபெயர்ப்பின் வாசகத்தை மற்றச் சபையாருக்கும் எனத் தனித்தனியே வைத்திருப்பது பாராட்டத்தக்கது.

சுவரில் மாட்டிவைத்திருக்கும் ஆயத்தப் பலகைகளைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல எண்ணமில்லை. பனி மூடிய மலையும் செந்நிற மேப்பிள் இலையும் பின்னணியாக இருக்க, அவற்றின்மேல் ஒற்றை வரியில் ஒரு வாக்குத்தத்தம் அச்சாகியிருக்கும். அதிகம் விற்பது எரேமியா 29:11 என்று கடையில் சொன்னார்கள். அதிலும் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்னும் பகுதி மட்டும். அந்த வார்த்தைகள் யாருக்கு எழுதப்பட்டன என்பதைப் பலகை சொல்வதில்லை. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரால் அந்நாட்டுக்குச் சிறைப்பட்டுப் போன யூதர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில், இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா என்பவன் தீர்க்கதரிசனம் சொல்கிறான். எரேமியாவோ எழுபது ஆண்டுகள் என்கிறார். அதுவரை அந்நிய மண்ணிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டி அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள் என்கிறது கடிதம். அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பும் நாளைக் கண்டிருக்க முடியாது. எழுபது ஆண்டைச் சொல்லும் பத்தாம் வசனத்தைக் கழித்துவிட்டுப் பதினோராம் வசனத்தை மட்டும் சட்டத்துக்குள் வைத்தால், எரேமியாவின் பெயரில் அனனியாவின் செய்தியைத்தான் சுவரில் மாட்டுகிறோம் என்பது என் கருத்து. பெயர்ந்து வந்த மண்ணிலேயே தோட்டம் போட்டு, மூன்று நான்கு தலைமுறையாகப் பிள்ளைகளை வளர்த்த நம்மவர்களுக்கு அந்த முழுக் கடிதமும் அந்நியமாக இராது என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சொல்லிச் செய்யும் பலகைகள்தாம் இக்கடையின் சிறப்பு. ஆர்டர் எடுக்கும் அக்கா வசன எண்ணை எழுதிக்கொள்ளும் முன் ஒரு கேள்வி கேட்கிறார்: "என்ன விசேஷத்துக்கு அண்ணே, எந்த மாதிரி வீட்டுக்கு?" துக்கவீடு என்றால், "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது" என்னும் ரோமர் 8:28ஐ உடனே கொண்டுபோக வேண்டாம் என்று தயங்காமல் சொல்கிறார். வியாபாரம் கெடும் என்று தெரிந்தும் அவர் சொல்வது சரியென்றே நினைக்கிறேன். அது பவுல் தம் பாடுகளினூடே தாமே அறிக்கையிட்ட வசனம். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் மற்றவர் போய் நீட்டினால், இழப்புக்குக் கணக்குச் சொல்வது போலாகிவிடும். அத்தகைய வீட்டுக்கு அவர் பரிந்துரைப்பது "என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது" என்னும் சங்கீதம் 31:15. அதில் விளக்கம் ஏதுமில்லை, ஒப்புக்கொடுத்தல் மட்டுமே இருக்கிறது.

நான் செய்யச் சொன்னது பிரசங்கி மூன்றாம் அதிகாரம். பின்னணிக்குக் கடைக்காரர் தாமே எடுத்து வைத்திருந்த பால்மரக் காட்டின், அதாவது ரப்பர் தோட்டத்தின், படத்தைத் தேர்ந்தேன். ஆண்டின் தொடக்கத்து வறண்ட மாதங்களில் பால்மரம் இலையைக் கொட்டிவிட்டு நிற்பதையும், அந்நாட்களில் பால் குறைந்து சம்பளமும் குறைவதையும் கண்டு வளர்ந்தவர்களுக்கு, பருவம் என்றால் என்னவென்று மேப்பிள் இலை வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. "நட ஒரு காலமுண்டு, நட்டதைப் பிடுங்க ஒரு காலமுண்டு" என்னும் வரி அந்தப் படத்தின்மேல் வந்தபோது வேறொரு கனம் பெற்றது. 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டதையும், பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டதையும், லயம் என்னும் தோட்டத்துக் குடியிருப்பு வரிசையைக் காலி செய்துவிட்டுப் பட்டணத்துக்கு வந்ததையும் நம் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் உடலாலேயே அறிந்தவர்கள். அந்தப் பிடுங்கலை நல்லது என்று வேதம் சொல்லவில்லை. அதைச் செய்தவர்களின் பொறுப்பையும் அது தள்ளுபடி செய்யவில்லை. அந்தக் காலமும் தேவனுடைய கைக்கு அப்பால் போய்விடவில்லை என்பதே விசுவாசம்.

முதல் மாதிரி அச்சில் 3:11இன் முற்பகுதி மட்டுமே இருந்தது: "அவர் சகலத்தையும் அதினதின் காலத்திலே நேர்த்தியாகச் செய்திருக்கிறார்." இடம் போதவில்லை என்றார்கள். அவ்வசனம் முடிவதோ தேவன் ஆதிமுதல் அந்தம்மட்டும் செய்துவரும் கிரியையை மனுஷன் கண்டுபிடியான் என்று. நேர்த்தி என்பது முழுதும் நம் கண்ணுக்குத் தெரிந்துவிடும் என்ற உறுதியை அது தரவில்லை. தெரியாத நிலையிலும் நம்பச் சொல்கிறது. அந்தப் பாதியை விட்டால் பலகையே வேண்டாம் என்றேன். எழுத்தின் அளவைச் சற்றுக் குறைத்து, முகம் சுளிக்காமல் முழுவதையும் சேர்த்துத் தந்தார்கள். இரண்டு இடங்களில் ஒற்றுப்பிழை இருந்ததையும் திருத்தினார்கள். சொல்லியிருக்காவிட்டால் பிழையோடுதான் சுவருக்கு வந்திருக்கும்.

ஆபகூக் 3:17, 18ஐப் பெரிதாக அச்சிட்ட பலகை ஒன்றும் அங்கே இருக்கிறது. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடியில் பழம் இல்லாவிட்டாலும், தொழுவத்தில் மாடு இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று அறுவடை வராத நிலையிலேயே பாடப்பட்ட பாட்டு அது. அதைக் கேட்டு வருபவர்கள் குறைவாம். வேலை போன வீட்டுக்கும், நெடுநாள் நோயாளி இருக்கும் வீட்டுக்கும் நான் அதைத்தான் வாங்கிக் கொடுப்பேன். அங்குள்ள ஆயத்தப் பலகைகளில் வசனம் வெட்டப்படாமல் இருப்பதும் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு. சொல்லிச் செய்யும் பலகைக்கு ஒரு வாரமாவது ஆகும். டிசம்பர் தொடங்கிவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வேண்டிய வசனத்தை அதிகாரம், வசன எண்ணோடு முழுமையாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மாதிரி அச்சைக் கேட்டு வாங்கி, ஒரு முறை வாய்விட்டுப் படித்த பின்பே முன்பணம் கட்டுங்கள்.